62 ஏக்கர், நாலு கதவு: மிசோரியில் நிலம் வாங்கியவர் எந்த அரசு உதவியை முதலில் கேட்பது?

கோபிச்செட்டிபாளையத்துக்காரர் எங்கே நிலம் வாங்கினாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். எங்கள் அண்ணனும் அப்படித்தான். கூடப் பிறந்தவர் இல்லை, மிசோரியின் கொலம்பியா நகரத்தில் பக்கத்துத் தெருவில் வெகுகாலமாக இருக்கும் அண்ணன். 2024 அக்டோபரில், மிசோரி மாநிலத்தின் நடுவே ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) 62 ஏக்கர் வாங்கினார். 38 ஏக்கர் மேய்ச்சல், 14 ஏக்கர் சரிவான வயல், மிச்சம் 10 ஏக்கர் ஓக்கும் ஹிக்கரியும் நிற்கும் காடு. நிலத்தோடு சேர்த்து 18 மாடுகள். கிழக்கு எல்லையில் ஓர் ஓடை. தண்ணீர் இருந்தது, கரைதான் இல்லை. பல வருடம் மாடுகள் இறங்கி ஏறியதில் கரை ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அறுந்து, மர வேர்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த ஏப்ரலில் போன் செய்தார். "ஏந் தம்பி, வேலிக்கு முக்கால் பங்கு கவர்மென்டே குடுக்குதாமா? நான் கம்பத்துக்குச் சொல்லிப்போட்டேன்."

"அண்ணா, முதல்ல அந்த ஆர்டரை நிறுத்துங்க" என்றேன்.

அமெரிக்காவில் நிலப் பாதுகாப்புக்கு உதவும் திட்டங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் அந்த வேலைக்குக் காசு கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு விலக்கு வாங்க வழி இருக்கிறது. ஆனால் கம்பம் நட்ட பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை. கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தார், கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று அலைந்தோம். அப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மாநிலத் திட்டங்களின் பெயரும் விகிதமும் மாறும். மத்திய அரசுத் திட்டங்களின் அடிப்படை விதிகள் எங்கும் ஒன்றுதான்.

எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50, 75, 90 என்று எல்லாரும் சதவீதத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். பணம் எந்த மாதம் கைக்கு வரும், அதுவரை யார் கைக்காசு போடுவது, நிலம் எத்தனை வருடத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். திட்டங்களின் வரிசையே மாறிவிடும்.

ஒரே கட்டடம், தனித்தனிச் சாவி

கவுண்டித் தலைநகரில், நெடுஞ்சாலை ஓரமாக, தீவனக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒற்றை மாடிக் கட்டடம் ஒன்று இருக்கும். யூ.எஸ்.டி.ஏ என்ற மத்திய வேளாண் துறையின் சேவை மையம் அதுதான். நாடு முழுக்க 2,300-க்கும் மேல் இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் ஒரே அலுவலகம் போலத் தெரியும், ஆனால் மேசைக்கு மேசை வேறு நிர்வாகம். எஃப்.எஸ்.ஏ என்ற பண்ணைச் சேவை முகமை ஒரு பக்கம். என்.ஆர்.சி.எஸ் என்ற இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இன்னொரு பக்கம். பல கவுண்டிகளில் அதே கூரையின் கீழ் மூன்றாவதாக ஒரு மேசை: மண், நீர் பாதுகாப்பு மாவட்டம். இது மத்திய அரசு இல்லை, மாநிலச் சட்டப்படி அமைந்த உள்ளூர் அமைப்பு. நாலாவது கதவு வேறு கட்டடத்தில். மிசோரியின் வனம், மீன், விலங்கு வளங்களைப் பார்க்கும் மாநிலப் பாதுகாப்புத் துறை அது.

இப்படிப் பிரிந்து கிடப்பதற்கு ஒரு கதை உண்டு. 1935 வசந்தத்தில் மேற்குச் சமவெளிகளின் புழுதி வாஷிங்டன் வரை பறந்து வந்தது. ஹ்யூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் மண் அரிப்பைப் பற்றி வாதாடிய நாட்கள் அவை. ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அப்போது பிறந்த மண் பாதுகாப்புச் சேவைதான் 1994-ல் என்.ஆர்.சி.எஸ் என்று பெயர் மாறியது. ஆனால் வாஷிங்டனிலிருந்து வரும் அதிகாரி சொல்வதை விவசாயி கேட்பாரா? அதனால் 1937-ல் அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, உள்ளூர் ஆட்களே நடத்தும் மாவட்டங்களை அமைக்கச் சொன்னார். இன்று அப்படி ஏறக்குறைய 3,000 மாவட்டங்கள். மிசோரியில் 114 கவுண்டிகள், கவுண்டிக்கு ஒரு மாவட்டம். ஒவ்வொன்றிலும் நில உடைமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் நாலு பேரும், மிசோரிப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் நிபுணர் ஒருவரும் குழுவில் உட்காருவார்கள். உங்கள் விண்ணப்பத்தை முடிவு செய்பவர் உங்களுக்கு வைக்கோல் விற்பவராகவே இருக்கலாம்.

முதலில் ஃபார்ம் நம்பர்

எந்தக் கதவைத் தட்டினாலும் சரி, மத்திய அரசுப் பணம் வேண்டுமென்றால் முதல் வேலை எஃப்.எஸ்.ஏ மேசையில் ஃபார்ம் நம்பர் வாங்குவது. நம் ஊர்ச் சிட்டா, அடங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நிலத்துக்கு ஒரு ஃபார்ம் எண், அதன் துண்டுகளுக்கு டிராக்ட் எண்கள், வான்படத்தில் எல்லை வரைந்த வரைபடம். பத்திரம், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த ஒப்பந்தம் எல்லாம் எடுத்துப்போக வேண்டும். பெரிய பண்ணை ஒன்றை உடைத்து விற்றதில் ஒரு துண்டை வாங்கியிருந்தால், பழைய பதிவைப் பிரிக்க வேண்டும். பட்டா உட்பிரிவு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நாள் இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் திட்டம் எது என்று முடிவாகும் முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள். நிலம் வாங்கிய வாரமே போவது நல்லது.

கூடவே இரண்டு படிவம். ஏ.டி-1026 என்பது, சுலபமாக அரிக்கும் நிலத்தை முறையான திட்டம் இல்லாமல் உழ மாட்டேன், சதுப்பு நிலத்தைப் பயிருக்காக வடிக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. 1985 சட்டத்திலிருந்து இருக்கிறது. மீறினால் ஒரு திட்டத்தில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் கை வைப்பார்கள். இன்னொன்று வருமானச் சான்று. மூன்று வருடச் சராசரியில், வரிக்கணக்கில் வரும் மொத்த வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி போய்விடும். வார நாளில் சாஃப்ட்வேர், வார இறுதியில் மாடு என்றிருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு தடையே இல்லை.

ஓடைக்கு வேலி: மத்திய அரசா, மாநிலமா?

அண்ணனின் முதல் தேவை மாட்டை ஓடையிலிருந்து விலக்கும் வேலி. வேலி போட்டால் மாடு எங்கே தண்ணீர் குடிக்கும்? ஆக, குழாய் இழுத்து, மேட்டில் ஒரு தொட்டி. இந்த வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் இருந்தது.

ஒன்று ஈக்விப். 1996-லிருந்து நடக்கும் என்.ஆர்.சி.எஸ் திட்டம். வேலி, தொட்டி, மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிர், நெகிழித்தாள் கூடாரம், காட்டுச் சீரமைப்பு என்று பட்டியல் நீளம். செலவில் 75 சதவீதம் வரை. விவசாயத்தில் 10 வருடத்துக்குள் இருப்பவர் "தொடக்க விவசாயி" என்ற கணக்கில் வருவார், அவருக்கு 90 வரை. அந்த வகையினர் அரசு தரும் தொகையில் பாதியையாவது முன்பணமாகவும் கேட்கலாம். ஆனால் 90 நாளில் செலவழித்துவிட வேண்டும்.

இரண்டாவது, மாவட்டத்தின் வழியாக வரும் மாநிலப் பணம். மிசோரி மக்கள் 1984-ல் வாக்களித்து, விற்பனை வரியில் பத்தில் ஒரு சதவீதத்தை மாநிலப் பூங்காக்களுக்கும் மண், நீர் பாதுகாப்புக்கும் பாதிப்பாதியாக ஒதுக்கினார்கள். பத்து டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு சென்ட். அதற்குப் பிறகு நாலு முறை வாக்கெடுப்பு நடந்து, கடைசியாக 2016-ல் புதுப்பித்திருக்கிறார்கள். செயின்ட் லூயிசில் இட்லி அரிசி வாங்கும்போது நீங்களும் கட்டிய வரிதான், கேட்கக் கூச்சப்படாதீர்கள். இதில் பெரும்பாலான வேலைகளுக்கு 75 சதவீதம்.

தாளில் பார்த்தால் ஈக்விப்தான் ஜெயிக்கிறது. 90, 75-ஐவிடப் பெரிது, மேலும் முன்பணம் வேறு. ஆனால் நான் அண்ணனை மாநிலக் கதவுக்குத்தான் முதலில் தள்ளினேன்.

காரணம் காலம். ஈக்விப்புக்கு வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட தேதியில் அந்தச் சுற்றை மூடி, எல்லாரையும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அந்தத் தேதிக்கு அடுத்த நாள் போனால் அடுத்த சுற்று, அதாவது பல நேரம் அடுத்த வருடம். வரிசையில் மேலே இருப்பவர்களுக்குப் பணம் தீர்ந்ததும் கதை முடிந்தது. 2010-லிருந்து பத்தாண்டுகளில் நாடு முழுக்க விண்ணப்பித்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஏறக்குறைய கிடைத்திருக்கிறது. 2022-ல் பணவீக்கக் குறைப்புச் சட்டம் ஈக்விப்புக்கு மட்டும் 845 கோடி டாலரைக் கூடுதலாகக் கொடுத்தது. 2025 தொடக்கத்தில் நிர்வாகம் மாறியதும் அந்தப் பணம் சில காலம் முடக்கப்பட்டது. ஒப்பந்தம் போட்டு, கைக்காசில் வேலையை முடித்துவிட்டு, பில்லோடு காத்திருந்தவர்கள் நாட்டின் பல பக்கம் இருந்தார்கள். திட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம் மிச்சப் பணத்தை வழக்கமான ஒதுக்கீட்டிலேயே சேர்த்து, 2031 வரை ஈக்விப்புக்கு நிதியை உறுதி செய்திருக்கிறது. ஆனால் கரை இந்த மழைக்கே அறுந்துகொண்டிருந்தது.

மாநிலப் பணத்துக்கு நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. மாவட்டக் குழு மாதம் ஒரு முறை கூடுகிறது. ஜூன் மாதமே தொழில்நுட்ப ஊழியர் வந்து இடத்தைப் பார்த்து அளந்துவிட்டுப் போனார். ஜூலைக் கூட்டத்தில் ஒப்புதல். செப்டம்பரில் வேலி, குழாய், தொட்டி முடிந்து பில் கொடுத்தாயிற்று. அக்டோபரில் மத்திய அரசு நிதி இல்லாமல் முடங்கி, சேவை மையங்கள் மூடிக் கிடந்த நாட்களில், மாநிலக் கருவூலத்துப் பணம் அண்ணன் கணக்கில் வந்து விழுந்தது.

இரண்டிலும் ஒரே சிக்கல், ஈக்விப்பின் அந்த முன்பணத்தைத் தவிர, வேலை முடிந்த பிறகுதான் காசு. தமிழ்நாட்டில் சொட்டுநீர் மானியம் வாங்கிய பழக்கத்தில் இங்கே வருபவர்கள் இதில்தான் சறுக்குவார்கள். அங்கே சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75, கம்பெனிக்காரர் வந்து போட்டுக் கொடுத்துவிட்டு அரசிடம் வாங்கிக்கொள்வார். இங்கே நீங்கள் முழுத் தொகையையும் புரட்டி, ஆள் பிடித்து, அவர்கள் அளவுப்படி வேலையை முடித்து, ஊழியர் வந்து சரிபார்த்து, அப்புறம்தான் பணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 75-ம் 90-ம் உங்கள் பில்லில் கணக்கிடும் விகிதம் இல்லை. மாநில அளவில் இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று அவர்களே வைத்திருக்கும் சராசரிச் செலவில்தான் சதவீதம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அட்டவணைப்படி வேலி 8,000 டாலர், 75 சதவீதம் என்றால் 6,000. நீங்கள் பிடித்த கான்ட்ராக்டர் 11,000 கேட்டால், அரசு தருவது அதே 6,000-தான். கையிலிருந்து 5,000. முக்கால் என்று நினைத்தது பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தால், கம்பத்தை நீங்களே அடித்து, கம்பியை நீங்களே இழுத்தால் செலவு அட்டவணைக்குக் கீழே இறங்கும். அண்ணன் மச்சினனையும் என்னையும் கூட்டிக்கொண்டு நாலு சனிக்கிழமை இழுத்தார். என் உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

மாநிலக் கதவில் ஒரு நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சுழற்சி மேய்ச்சலுக்கான உதவி வேண்டுமென்றால் மேய்ச்சல் பள்ளிக்குப் போய் வந்திருக்க வேண்டும். சில நாள் வகுப்பு, பாதி நேரம் அறையில், பாதி நேரம் வயலில். கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்து, புல்லில் குத்தி, இந்தத் துண்டில் எத்தனை மாடு எத்தனை நாள் மேயலாம் என்று கணக்குப் போட வைக்கிறார்கள். மிசோரி மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் ஃபெஸ்க்யூ புல். அதற்குள் வாழும் ஒரு பூஞ்சையால் கோடையில் மாட்டுக்குச் சூடு ஏறி, நிழலும் தண்ணீரும் தேடி ஓடையிலேயே போய் நிற்கும். மாடு ஏன் கரையைவிட்டு நகர மாட்டேன் என்கிறது என்று அண்ணனுக்கு அங்கேதான் புரிந்தது. திரும்பி வரும்போது காரில், "நம்ம அப்பச்சி கொறங்காட்டுல இதத்தான் பண்ணீட்டிருந்தாரு தம்பி. கோல்தான் இல்ல" என்றார். கொங்கு நாட்டில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் வேலி அடைத்து, பட்டி மாற்றி மேய்ப்பதைத்தான் சொல்கிறார்.

ஈக்விப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஓடை வேலை மாநிலத்துக்கு, காட்டு வேலை ஈக்விப்புக்கு என்று பிரித்தோம். ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் காசு கேட்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

பராமரிப்புக் காலத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஈக்விப்பில் வேலியின் ஆயுளாக 20 வருடம் கணக்கு வைத்திருக்கிறார்கள். இடையில் நிலத்தை விற்றால், வாங்குபவர் அந்தப் பொறுப்பை ஏற்கிறாரா என்பது உங்கள் தலைவலி.

சரிவு வயல்: வாடகை ஆசை

அந்த 14 ஏக்கரில் மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றி வருகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். நடுவே ஒரு மடு, மழை பெய்தால் அதன் வழியே மண் இறங்குகிறது.

இதற்கு எல்லாரும் கை காட்டுவது எஃப்.எஸ்.ஏ நடத்தும் சி.ஆர்.பி திட்டத்தை. 1985 பண்ணைச் சட்டத்தில் வந்தது. பயிர் வைப்பதை நிறுத்தி, புல்லோ மரமோ வளர்த்து 10 முதல் 15 வருடம் விட்டுவைத்தால், அரசு வருடா வருடம் வாடகை தரும். வாடகை உங்கள் கவுண்டியையும் மண் வகையையும் பொறுத்தது. புல் விதைக்கும் செலவில் பாதி வரை தனியாக. வருடத்துக்கு ஓர் ஆளுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு, நம் அளவுக்கு அது கண்ணுக்கே தெரியாத உயரம்.

சும்மா இருக்க வாடகை என்பது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. விதிகளைப் பார்த்தால் கசக்கும். நிலம் உங்கள் பெயரில் குறைந்தது 12 மாதமாவது இருந்திருக்க வேண்டும், வாரிசாக வந்தது போன்ற விலக்குகள் தவிர. 2012 முதல் 2017 வரையிலான ஆறு வருடத்தில் நாலு வருடமாவது அங்கே பயிர் இருந்திருக்க வேண்டும். அண்ணனுக்குப் பயிர் வரலாறு இருந்தது, 12 மாதம் இல்லை. 2025 அக்டோபரில் 12 மாதம் நிறைந்தது. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு சி.ஆர்.பி-யின் சட்ட அதிகாரமே காலாவதியாகியிருந்தது! நவம்பரில்தான் பண்ணைச் சட்டத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். ஈக்விப்புக்குக் கிடைத்த 2031 வரையிலான உறுதி இதற்குக் கிடைக்கவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த வயலை அண்ணனுக்கு முன்னாலிருந்தே உழுகிறவர். பனிக்காலத்தில் கேட்காமலே டிராக்டரைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டுப் பாதையில் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறவர். சி.ஆர்.பி-க்காகவே குத்தகைக்காரரை வெளியேற்றுவதை விதியும் அனுமதிப்பதில்லை, மனசும் அனுமதிக்காது. பத்து வருடம் முடியும் முன் விலகினால், வாங்கிய வாடகையை எல்லாம் வட்டியோடு திருப்பி, அபராதமும் கட்ட வேண்டும்.

என் யோசனை, முழு வயலையும் கொடுக்காமல் மடு ஓடும் பட்டையை மட்டும் புல் வாய்க்காலாக மாற்றுவது. சி.ஆர்.பி-யிலேயே தொடர் சேர்க்கை என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓடைக்கரைத் தடுப்பு, புல் வாய்க்கால் மாதிரிச் சின்னப் பட்டைகளுக்கு மதிப்பெண் போட்டி இல்லாமல் இடம் கிடைக்கும். ஒரு ஏக்கர் போகும், 13 ஏக்கரில் அவர் உழுதுகொண்டே இருப்பார், மண்ணும் நிற்கும். அண்ணன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மூடுபயிர் போதும் என்று ஒரு எண்ணம்.

யாரும் பேசாத சி.எஸ்.பி

ஈக்விப் புதிதாகச் செய்யும் வேலைக்குப் பணம் தருகிறது என்றால், சி.எஸ்.பி என்ற இன்னொரு என்.ஆர்.சி.எஸ் திட்டம் ஏற்கெனவே நிலத்தை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு, இன்னும் ஒரு படி மேலே போகத் தருகிறது. ஐந்து வருட ஒப்பந்தம், வருடா வருடம் பணம். குறைந்தபட்சத் தொகை வருடத்துக்கு 1,500 டாலராக இருந்ததை 2024-ல் 4,000 ஆக்கினார்கள். 40, 60 ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் ஏக்கர் கணக்கில் பார்த்தால் அவ்வளவு வரவே வராது. வேலி, குழாய் என்று ஆயிரக்கணக்கில் முன்கூட்டிப் போட வேண்டிய தொல்லையும் குறைவு.

அப்புறம் ஏன் முதலிலேயே இதைச் செய்யவில்லை? விண்ணப்பிக்கும்போதே மண், நீர் போன்ற இரண்டு வளப் பிரச்சினைகளிலாவது நீங்கள் தரத்தைத் தொட்டிருக்க வேண்டும். கரை அறுந்து கிடக்கும்போது நேராக இங்கே வந்து நிற்க முடியாது. அதோடு, உங்கள் கையில் இருக்கும் பண்ணை முழுவதையும் சேர்க்க வேண்டும், நல்ல துண்டை மட்டும் காட்டுவது நடக்காது. ஆகவே வேலி முடிந்து, மேய்ச்சல் சுழற்சி ஒரு வருடம் ஓடிய பிறகு போக வேண்டிய கதவு. ஒழுங்கான நிலத்தை வாங்கியிருப்பவர்கள் முதல் வருடமே இதைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நிலத்தின் கட்டுமான உரிமையை விற்றுவிடும் ஏ.சி.இ.பி பற்றி ஒரு வரி போதும். பெரும்பாலும் நிரந்தரக் கட்டு. பிள்ளைகள் நிலத்தை என்ன செய்வார்கள் என்று தெரியாத முதல் தலைமுறைக்காரர் அவசரப்பட வேண்டிய இடம் அது இல்லை.

காய்கறி போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. வெண்டை, கத்தரி, புடலை போட்டு இந்தியக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால், ஈக்விப்பில் உயர் நெகிழித்தாள் கூடாரத்தைப் பாருங்கள். சாதாரணப் பயிர்க் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கு எஃப்.எஸ்.ஏ-யின் என்.ஏ.பி என்ற இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பயிருக்கு 325 டாலர் கட்டணம், கவுண்டிக்கு 825-க்கு மேல் போகாது, தொடக்க விவசாயிக்குக் கட்டணமே இல்லை. கையில் முதல் இல்லாதவர் எஃப்.எஸ்.ஏ-யிடமே 50,000 டாலர் வரை மைக்ரோலோன் என்ற சிறுகடன் கேட்கலாம்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், எச்-1பி மாதிரி விசாவில் இருந்துகொண்டு விவசாய நிலம் வாங்கினால், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டு உடைமையாளர். வாங்கிய 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ-153 என்ற படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட அதிகாரம் உண்டு. உதவி கேட்கிறீர்களா இல்லையா என்பது இதில் கணக்கே இல்லை. மிசோரி உட்படப் பல மாநிலங்கள் வெளிநாட்டவர் விவசாய நிலம் வைத்திருப்பதற்குத் தனிக் கட்டுப்பாடும் வைத்திருக்கின்றன, பத்திரத்துக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள். எஃப்.எஸ்.ஏ-யின் நேரடிக் கடனும் எச்-1பி-யில் கிடைக்காது. அண்ணன் குடியுரிமை வாங்கி வருடங்களாகிவிட்டன, தப்பித்தார். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு நிலம் தேடும் இன்னொரு நண்பருக்குத்தான் இதைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

பத்து ஏக்கர் காடு

மாநிலப் பாதுகாப்புத் துறைக்குப் போனது கடைசியில்தான். முதலிலேயே போயிருக்கலாம். 1976-ல் மிசோரி மக்கள் வாக்களித்த எட்டில் ஒரு சதவீத விற்பனை வரி இந்தத் துறைக்குப் போகிறது. தனியார் நிலத்துக்கென்றே அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள், கட்டணம் இல்லை. வந்தவர் இரண்டு மணி நேரம் காட்டுக்குள் நடந்தார். ஓக்குகளுக்கு அடியில் புதராக மண்டியிருந்த ஆசிய ஹனிசக்கிளைக் காட்டி, இது இருக்கும்வரை ஒரு ஓக் கன்றுகூட எழும்பாது என்றார். மேய்ச்சல் ஓரத்தில் ஏறி வரும் சிவப்பு சீடர் மரங்களையும் எண்ணினார். எதை வெட்டுவது, எதை விடுவது என்று வண்ண நாடா கட்டிவிட்டுப் போனார். ஈக்விப் விண்ணப்பத்தில் என்ன வேலை கேட்க வேண்டும் என்பது அந்த நடையில்தான் தெளிவானது.

அந்த விண்ணப்பம் இப்போது வரிசையில் இருக்கிறது. அண்ணன் அதுவரை சும்மா இருப்பாரா? லிக்கிங் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜார்ஜ் ஓ. வைட் மாநில நாற்றங்காலில் மலிவு விலைக்கு நாற்று கிடைக்கிறது என்று தெரிந்ததும், ஓடைக்கரைக்கென்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மரம் எதுவும் நடுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தார். "இதுக்கும் கையெழுத்து ஆகணுமா தம்பி?"

கரையில் நடுவது சொந்தக் காசு என்றால் வேண்டாம், சி.ஆர்.பி கரைத் தடுப்பாகக் கேட்கப் போகிறோம் என்றால் வேண்டும் என்றேன். பட்டியல் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.